உடற்பயிற்சியும் மாரடைப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் கூடத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ட்ரெட்மில்லில் ஏறும் முன்பும் இறங்கிய பின்பும், ஷூ நாடாவைக் கட்டியபடியே கேட்கப்படும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. நோயாளியைவிடக் கூட வந்தவர்தான் அதிகம் கேட்பார். சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதால் ஒருநாள் எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன். இது பொதுவான விளக்கம். உங்கள் எக்கோவையும் ஈசிஜியையும் பார்த்த மருத்துவர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

1. தினமும் நடந்தால் மாரடைப்பு வராது என்கிறார்களே, உண்மையா?

வராது என்று யாராலும் எழுதிக்கொடுக்க முடியாது. வரும் வாய்ப்பு குறையும், அவ்வளவுதான். தினமும் நடந்தவர்களும் எங்கள் கூடத்துக்கு நோயாளிகளாக வந்து சேர்கிறார்கள், வந்ததும் "இத்தனை வருடம் நடந்ததெல்லாம் வீண்தானா?" என்று கசப்போடு கேட்கிறார்கள்.

வீண் இல்லை. மாரடைப்பு வந்துவிட்டால் இதயத் தசையில் எவ்வளவு சாகிறது, ஆள் பிழைக்கிறாரா, பிழைத்தவர் மறுபடி படியேறுகிறாரா என்பதிலும் முன்னால் செய்த பயிற்சிக்குப் பங்கு இருக்கிறது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால் 8 முதல் 10 வரையான பதில்களில் கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறேன்.

2. மாரடைப்பு என்றால் இதயம் நின்றுபோவதுதானே?

இல்லை. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரித் தமனி அடைபடுவதுதான் மாரடைப்பு. தமனியின் உட்சுவரில் கொழுப்புப் படிவு ஆண்டுக்கணக்காகச் சேர்கிறது. ஒருநாள் அந்தப் படிவின் மேல்தோல் கிழிகிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, கட்டியாகி, வழியை மறிக்கிறது. அதற்கு அப்பால் இருக்கும் தசை சுமார் அரைமணி நேரத்துக்குள் சாகத் தொடங்கி, அடுத்த சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவிச் சாகிறது.

இதயம் நின்றுபோவது வேறு. ரத்தமில்லாமல் தவிக்கும் தசையில் மின்னோட்டம் குழம்பி, இதயம் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கினால் உடலுக்கு ரத்தம் போகாது. மாரடைப்பு வந்து மருத்துவமனைக்குப் போகும் முன்பே இறப்பவர்களில் பலர் இப்படித்தான் இறக்கிறார்கள்.

3. நடப்பது கால். அதனால் இதயத்துக்கு என்ன லாபம்?

காலுக்கு ரத்தம் அதிகம் வேண்டும் என்றால் இதயம் அதிகம் இறைக்க வேண்டும். வேகமாக ஓடும் ரத்தம் நாளங்களின் உட்சுவரை உரசிக்கொண்டு போகிறது. அந்த உரசலை உணர்ந்த உட்சுவர்ச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கின்றன. அது நாளத்தைத் தளர்த்தி விரிக்கிறது, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் குறைக்கிறது. இந்த வாயு உடலுக்குள் தூதுவனாக வேலை செய்கிறது என்று கண்டறிந்த மூவருக்கு 1998ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. உரசல் தினமும் நடந்தால், சுரக்கும் திறனும் வளர்கிறது.

இதோடு ரத்த அழுத்தம் சற்று இறங்குகிறது, இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது, ரத்தத்தில் இருக்கும் ஒருவகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு குறைகிறது. கெட்ட கொழுப்பான எல்டிஎல் மட்டும் பயிற்சியால் பெரிதாக இறங்குவதில்லை. இது பலருக்கு ஏமாற்றம்.

எனக்குப் பிடித்த கணக்கு நாடித் துடிப்புதான். ஓய்வில் நிமிடத்துக்கு 75 முறை துடித்த இதயம் சில மாதப் பயிற்சிக்குப் பிறகு 65ல் நின்றால், ஒரு நாளில் 14,400 துடிப்புகள் மிச்சம். இன்னொன்றும் இருக்கிறது. இதயம் தனக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் சுருங்கும்போது பெறுவதில்லை. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே தளர்ந்திருக்கும்போதுதான் பெறுகிறது. துடிப்பு மெதுவானால் அந்த இடைவெளி நீள்கிறது.

4. வாரத்துக்கு எவ்வளவு நேரம் செய்தால் போதும்?

உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்ன அளவு: மிதமான வேகத்தில் என்றால் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், கடுமையான பயிற்சி என்றால் 75 முதல் 150 நிமிடம். கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி.

150 நிமிடம் என்பதை நுழைவுத் தேர்வின் தேர்ச்சி மதிப்பெண்போல நினைத்து, அது முடியாது என்று ஒன்றுமே செய்யாமல் இருப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். மிகப் பெரிய பலன், ஒன்றும் செய்யாதவர் கொஞ்சம் செய்யத் தொடங்கும்போதுதான் கிடைக்கிறது. அமெரிக்காவில் 2014ல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு ஐந்து பத்து நிமிடம் மெதுவாக ஓடியவர்களிடம்கூட, ஓடாதவர்களைவிட இதய நோய் மரணம் தெளிவாகக் குறைந்திருந்தது.

5. மிதமான வேகம் என்றால் என்ன வேகம்? எனக்குக் கடிகாரம், கருவி எதுவும் வேண்டாம், எளிதாகச் சொல்லுங்கள்.

நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது கடுமையான வேகம்.

6. பத்தாயிரம் அடி எடுத்து வைத்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். அந்த எண் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததல்ல. 1960களில் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரே 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்ற பொருள் கொண்டது; விளம்பரம் விதியாகிவிட்டது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2022ல் பார்த்தபோது, அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிக்குமேல் ஆயுள் பலன் பெரிதாக ஏறவில்லை. இளையவர்களுக்கு அந்த இடம் 8,000 முதல் 10,000 வரை.

7. நாள் முழுக்க வேலை வேலை என்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன். தனியாக வேறு நடக்க வேண்டுமா?

மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடுகிறீர்களா என்பதுதான் கேள்வி. அலைச்சலும் களைப்பும் வேறு, இதயத்துக்கான பயிற்சி வேறு. நின்றபடி எட்டு மணி நேரம் வேலை செய்தால் கால் வலிக்கும், நாடி ஏறாது.

ஆனால் வேலையே பயிற்சியாகும் இடங்களும் உண்டு. உடற்பயிற்சியையும் இதய நோயையும் ஆராயும் துறையே அப்படி ஒரு வேலையிலிருந்துதான் தொடங்கியது. லண்டனின் இரட்டை மாடிப் பஸ்களில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க மேலும் கீழுமாக நாளுக்கு ஐந்நூறு படிக்குமேல் ஏறுவார். ஒரே பஸ், ஒரே புகை. ஜெர்மி மாரிஸ் என்ற மருத்துவர் இவர்களை ஒப்பிட்டு 1953ல் ஆய்வை வெளியிட்டார். நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அதைவிட முக்கியமானதாக அவர் குறிப்பிட்டது இது: நோய் வந்த நடத்துநர்களிடமும் அது அவ்வளவு கடுமையாக இல்லை, வந்த உடனே இறந்தவர்களும் குறைவு. எழுபது ஆண்டுக்கு முன்பே சொல்லப்பட்ட இந்த இரண்டாம் பாதியை எல்லாரும் தாண்டிப்போய்விட்டார்கள்.

படியேறுவது, பஸ்ஸைப் பிடிக்க விரைவது போன்ற ஒன்றிரண்டு நிமிட வேகங்கள்கூடக் கணக்கில் சேரும். இடுப்பை வளைத்துச் செய்கிறோம் என்பதற்காக மட்டும் ஒரு வேலை கணக்கில் சேர்ந்துவிடாது.

8. அடைப்பு வந்தே தீரும் என்றால், முன்னால் பயிற்சி செய்து என்ன பயன்? அடைத்த குழாய் அடைத்ததுதானே?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் குழாய் வேலை பார்ப்பவர். அவர் தொழிலில் அவர் சொன்னது சரி. ஆனால் இதயம் குழாய் மட்டுமல்ல. குழாய்க்கு அப்பால் உயிருள்ள தசை இருக்கிறது. எவ்வளவு நேரம் ரத்தமில்லாமல் தாங்குவது என்பதை அந்தத் தசை கற்றுக்கொள்ள முடியும்.

1986ல் அமெரிக்காவில் மர்ரி, ஜென்னிங்ஸ், ரைமர் என்ற மூன்று ஆய்வாளர்கள் நாய்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கரோனரித் தமனியை ஐந்து நிமிடம் இறுக்குவது, ஐந்து நிமிடம் விடுவது. இப்படி நான்கு முறை. பிறகு அதே தமனியை நாற்பது நிமிடம் அடைத்தார்கள். முன்னால் இறுக்கி விட்டதால் தசை இன்னும் களைத்து அதிகம் செத்திருக்கும் என்றுதானே நினைப்போம்? நேரடியாக நாற்பது நிமிடம் அடைத்த நாய்களில் செத்த தசையின் அளவில் கால் பங்குதான் இவற்றில் செத்திருந்தது. சிறு தவிப்புகள் பெரிய தவிப்புக்குத் தசையைத் தயார்ப்படுத்தியிருந்தன. ஆனால் அடைப்பை மூன்று மணி நேரத்துக்கு நீட்டியபோது இரண்டு கூட்டத்துக்கும் வேறுபாடு இல்லாமல் போய்விட்டது. இந்தக் கடைசி வரியை மறக்காதீர்கள். 21ஆம் பதிலில் இதற்குத் திரும்ப வருவேன்.

தமனியை இறுக்காமலேயே, வெறும் உடற்பயிற்சியால் இதே பாதுகாப்பு வருகிறது என்று பின்னர் எலிகளில் தெரிந்தது. சில நாள் ஓடவிட்டாலே போதும். ஓடிய எலியின் இதயத்தில் அடைப்பை உண்டாக்கினால், ஓடாத எலியைவிடக் குறைவான தசையே சாகிறது. தமனிக் கொழுப்பு கரைய மாதக்கணக்கு வேண்டும், இதற்கு நாட்கள் போதும் என்பதுதான் வியப்பு. செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் நச்சுத் துணுக்குகளை அடக்கும் நொதிகள் கூடுகின்றன. ஆபத்து நேரத்தில் திறந்து செல்லைச் சிக்கனமாக்கும் பொட்டாசியம் வாயில்கள் சுறுசுறுப்பாகின்றன. மூன்றாம் பதிலில் சொன்ன நைட்ரிக் ஆக்சைடும் கைகொடுக்கிறது. அடைப்பு நீங்கி ரத்தம் திரும்பப் பாயும்போதும் தசைக்கு ஒரு காயம் ஏற்படும். மேலே சொன்ன நொதிகளுக்கு அந்த நேரத்தில்தான் வேலை அதிகம்.

9. நாய், எலி எல்லாம் சரி. மனிதருக்கு இது பொருந்துமா?

மனிதரின் தமனியை இறுக்கிச் சோதிக்க முடியாது. அதனால் மாரடைப்பு வந்தவர்களின் முன்கதையைத்தான் பார்க்க வேண்டும். 2021ல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு, பத்துக் குழுக்களிலிருந்து மாரடைப்பு வந்த 28,140 பேரை எடுத்துக்கொண்டது. மாரடைப்பு வரும் முன்பே அவர்களின் ஓய்வுநேர உடலுழைப்பு பதிவாகியிருந்தது. அவர்களில் 4,976 பேர் 28 நாட்களுக்குள் இறந்தார்கள். அதிலும் பெரும்பாலானோர் உடனடியாக. அசையாமல் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், மிதமாக உழைத்தவர்கள் உடனடியாக இறக்கும் வாய்ப்பு 33 சதவீதமும், நிறைய உழைத்தவர்களிடம் 45 சதவீதமும் குறைவு. மாரிஸ் பஸ் நடத்துநர்களிடம் கண்டதும் இதுதான்.

உடனடி மரணம் ஏன் குறைய வேண்டும்? ஒரு காரணம் செத்த தசை குறைவு என்பது. இன்னொன்று, இரண்டாம் பதிலில் சொன்ன மின் குழப்பம். இதயத்தை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி, பயிற்சிக்குப் பழகிய இதயத்தில் வலுவாக இருக்கிறது. அதனால் குழப்பம் வெடிப்பது குறைகிறது. மூன்றாவது, பெரிய தமனியில் கொஞ்சம் கொஞ்சமாக அடைப்பு வளரும்போது அருகிலிருந்து பிரியும் சிறு கிளை நாளங்கள் விரிவடைந்து மாற்றுப் பாதை போடுகின்றன. பயிற்சி அந்தப் பாதைக்கு உதவுகிறது.

10. கல்லூரி நாளில் ஓட்டப்பந்தய வீரன். அந்தச் சேமிப்பு இன்னும் இருக்குமா?

இருக்காது என்று சொல்ல எனக்கே சங்கடம். இதைக் கேட்பவர்கள் சட்டைப்பையில் பழைய புகைப்படத்தோடு வருகிறார்கள்.

ரால்ஃப் பாஃபென்பார்கர் என்ற அமெரிக்க மருத்துவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1978ல் வெளியிட்டார். படிக்கும்போது விளையாட்டு வீரராக இருந்து பிறகு நிறுத்திவிட்டவர்களுக்குப் பாதுகாப்பு ஒன்றும் மிஞ்சவில்லை. படிக்கும்போது மைதானத்துப் பக்கமே போகாமல், நடுவயதில் உழைக்கத் தொடங்கியவர்களுக்கு அது கிடைத்தது. எட்டாம் பதிலில் வந்த எலிகளிடமும் இப்படித்தான்: ஓட்டத்தை நிறுத்தி ஒன்பது நாள் வரை பாதுகாப்பு இருந்தது, பதினெட்டாம் நாளில் பார்த்தால் இல்லை. எலியின் நாள் கணக்கை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் வங்கி வைப்புபோலப் போட்டுவைத்து எடுத்துக்கொள்ளும் பொருள் இது இல்லை என்பது தெளிவு.

11. எனக்கு அறுபத்தைந்து. இனித் தொடங்கி என்ன ஆகப்போகிறது?

1966ல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்க வைத்தார்கள். அவர்களின் உடல் திறன் கால் பங்குக்குமேல் சரிந்தது. முப்பது ஆண்டு கழித்து, ஐம்பதை எட்டிய அதே ஐவரை மறுபடி சோதித்தார்கள். முப்பது ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம்! ஆறு மாதப் பயிற்சியில் முப்பது ஆண்டில் இழந்த, ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனைப் பெரும்பாலும் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

வயதானவர்களுக்கென்றே ஒரு செய்தியும் உண்டு. மாரடைப்புக்கு முந்தைய நாட்களில் சின்னச் சின்ன நெஞ்சுவலி வந்துபோனவர்களுக்குச் சேதம் குறைவதுண்டு. எட்டாம் பதிலில் நாய்களிடம் கண்ட முன்பழக்கம்தான் இது. முதுமையில் இந்தப் பாதுகாப்பு மங்கிவிடுகிறது. உடலுழைப்பை விடாத முதியவர்களிடம் மட்டும் அது மங்காமல் இருந்ததை இத்தாலிய ஆய்வாளர்கள் 2001ல் காட்டினார்கள்.

12. எனக்கு ஏற்கெனவே ஒருமுறை வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அசையவே பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. முதல் நாள் ட்ரெட்மில் கம்பியைப் பிடிக்கும் கைகளைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். விரல் கணுக்கள் வெளுத்திருக்கும். ஒரு காலத்தில் மருத்துவர்களுக்கே இந்தப் பயம் இருந்தது. மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள், சாப்பாட்டைக்கூட ஊட்டிவிட்டார்கள். 1950களின் தொடக்கத்தில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லவுன் என்ற அமெரிக்க மருத்துவர்கள் நோயாளிகளைச் சில நாட்களிலேயே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அதற்கே எதிர்ப்பு வந்தது. அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு 1955ல் மாரடைப்பு வந்தபோது, அவரைக் கவனித்த பால் டட்லி ஒயிட் படிப்படியாக நடக்க வைத்தார். அதிபர் மறுவருடம் மறுபடி தேர்தலில் நின்று வென்றார். பொதுமக்களின் பயம் அதற்குப் பிறகுதான் கொஞ்சம் தணிந்தது.

இன்று இதற்கு இதய மறுவாழ்வுப் பயிற்சி என்று பெயர். 85 சோதனைகளில் சேர்ந்த 23,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்ததில், பயிற்சியில் சேர்ந்தவர்களிடம் இதய நோய் மரணம் சுமார் கால் பங்கு குறைந்தது, மறு மாரடைப்பும் குறைந்தது. எப்போது தொடங்குவது, எவ்வளவு என்பதை உங்கள் இதயத்தின் இறைக்கும் திறனையும் மீதி அடைப்புகளையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். நீங்களாகத் தொடங்காதீர்கள், நீங்களாகத் தள்ளியும் போடாதீர்கள்.

13. எவ்வளவு வேகமாக நடந்தாலும் நாடி ஏறவே மாட்டேன் என்கிறது. பயிற்சி பலிக்கவில்லையா?

பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். அதன் வேலையே நாடியை அடக்குவதுதான். அப்படிப்பட்டவர்கள் நாடி எண்ணாமல் ஐந்தாம் பதிலில் சொன்ன பேச்சுச் சோதனையையே நம்பலாம்.

14. ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறந்தார் என்று செய்தி வருகிறதே. அப்படியென்றால் பயிற்சியே ஆபத்துதானே?

கடுமையாக உழைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வாய்ப்பு ஏறுகிறது. இதை மறைக்கத் தேவையில்லை. எவ்வளவு ஏறுகிறது என்பது ஆளைப் பொறுத்தது. அமெரிக்காவில் 1993ல் வெளியான ஆய்வின்படி, வாரத்துக்கு ஒருமுறைகூடக் கடுமையாக உழைக்காதவர் திடீரென்று உழைத்தால் அந்த நேரத்து ஆபத்து வழக்கத்தைவிட 107 மடங்கு. வாரத்துக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு 2.4 மடங்குதான். (மடங்கு என்பது பயமுறுத்தும். ஒரு குறிப்பிட்ட ஒரு மணி நேரத்தில் ஒருவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மிக மிகச் சிறியது. அதன் மடங்கு இது.) அந்த ஒரு மணி நேர ஆபத்தைக் குறைப்பதும் மீதி நாட்களின் பயிற்சிதான்.

ஓட்டத்தை அமெரிக்காவில் பரப்பிய ஜிம் ஃபிக்ஸ் 1984ல் 52 வயதில் ஓடும்போதே இறந்ததை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். அவர் ஓடத் தொடங்கும் முன் பருமனாக இருந்தவர், நிறையப் புகைத்தவர். அவர் தந்தை மாரடைப்பில் 43 வயதில் இறந்தவர். பயிற்சி அவரைக் கொன்றதா, ஒன்பது ஆண்டு கூடுதலாக வாழவைத்ததா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. புகைத்த காலத்தையும் குடும்ப வரலாற்றையும் ஓட்டம் அழித்துவிடாது என்பது மட்டும் அவர் கதையில் தெரிகிறது.

15. அப்படியானால் எப்படித் தொடங்குவது?

மெதுவாக. முதல் ஐந்து பத்து நிமிடம் சோம்பலாக நடங்கள், பிறகு வேகம் கூட்டுங்கள். முடிக்கும்போதும் சட்டென்று நிற்காதீர்கள். கால் நாளங்கள் விரிந்திருக்கும், நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கித் தலை சுற்றும். எங்கள் கூடத்தில் மயங்கியவர்கள் பெரும்பாலும் நடக்கும்போது மயங்கவில்லை, இறங்கி நின்ற பிறகுதான் மயங்கினார்கள். காய்ச்சல் இருக்கும் நாளில் ஓய்வு எடுங்கள்; சில வைரஸ் காய்ச்சல்கள் இதயத் தசையையும் பாதிக்கும்.

16. எடை தூக்கலாமா? நெஞ்சுக்கு அழுத்தம் என்கிறார்களே.

தூக்கலாம், நான்காம் பதிலில் சொன்ன வாரம் இரண்டு நாள் அதற்குத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்காதீர்கள், அப்போதுதான் ரத்த அழுத்தம் எகிறுகிறது. பைபாஸ் முடிந்தவர்கள் நெஞ்செலும்பு கூடும்வரை காத்திருக்க வேண்டும்.

17. வார நாளில் நேரமே இல்லை. சனி, ஞாயிறு மட்டும் சேர்த்துச் செய்தால்?

மொத்த நிமிடங்கள் அதே அளவானால், வாரக் கடைசியில் மட்டும் செய்பவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே பலன் என்றே பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் 14ஆம் பதிலில் வந்த 107 மடங்குக்காரராக நீங்கள் ஆகிவிடக் கூடாது. ஐந்து நாள் நாற்காலியில் இருந்துவிட்டு ஆறாம் நாள் மலையேறுவதைவிட, வார நாளில் ஒன்றிரண்டு முறையாவது படியேறிப் பழகுங்கள்.

18. ஒரு வருடமாக நடக்கிறேன், எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இதுவரை இந்தப் பக்கத்தில் சொன்ன பலன்களில் ஒன்றுக்காவது எடை குறைய வேண்டும் என்று எழுதியிருக்கிறேனா?

19. நல்ல உடம்பு இருப்பவன்தான் நடக்கிறான். நடப்பதால் நல்ல உடம்பு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இந்தப் பட்டியலிலேயே கூர்மையான கேள்வி இது. ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர் கேட்டார். ஏழாம் பதிலில் பஸ் ஊழியர்களை ஆராய்ந்த மாரிஸுக்கே இந்தச் சந்தேகம் வந்தது. சீருடைத் தையல் கணக்கை வாங்கிப் பார்த்தார். வேலையில் சேர்ந்த நாளிலேயே ஓட்டுநர்களின் இடுப்பளவு நடத்துநர்களைவிடப் பெரிதாக இருந்தது! ஆனால் ஒரே அளவு இடுப்பு உள்ளவர்களை ஒப்பிட்டாலும் நடத்துநர்களுக்கு நோய் குறைவாகவே இருந்தது.

ஒன்பதாம் பதிலில் வந்த ஐரோப்பிய ஆய்வுக்கும் இந்தச் சந்தேகம் பொருந்தும். உழைத்தவர்கள் வேறு வகையிலும் நலமாக இருந்திருக்கலாம். அதன் சதவீதங்களை அப்படியே பயிற்சியின் கணக்கில் எழுதிவிட முடியாது. என்னை நம்பவைப்பது மூன்று சாட்சிகள் ஒரே திசையில் பேசுவது: எட்டாம் பதிலின் விலங்குச் சோதனைகளில் யார் ஓடுவது என்பதை ஆய்வாளர்தான் தீர்மானித்தார், எலி இல்லை. 12ஆம் பதிலின் 85 சோதனைகளில் நோயாளிகள் சீட்டுக் குலுக்கல்போலப் பிரிக்கப்பட்டார்கள். 10ஆம் பதிலில் பிறவி வீரர்களுக்கே, நிறுத்தியதும் பலன் போய்விட்டது. முதல் மாரடைப்பைப் பொறுத்தவரை இவ்வளவு கச்சிதமான சான்று இல்லை என்பதை அந்த ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டேன். தலையசைத்துவிட்டு ட்ரெட்மில்லில் ஏறினார்.

20. நடக்கத் தொடங்கும்போது நெஞ்சு இறுக்குகிறது, கொஞ்சம் நின்று மறுபடி நடந்தால் வருவதில்லை. நடந்தே சரியாக்கிவிடலாமா?

இப்படி நடப்பது உண்மைதான். முதல் இறுக்கம் அடுத்த நடைக்கு இதயத்தைத் தயார்ப்படுத்துகிறது. எட்டாம் பதிலின் முன்பழக்கத்துக்கு இது ஒன்றுவிட்ட உறவு. நெஞ்சு இறுக்கத்தை முதலில் விரிவாக விவரித்த பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், தினமும் அரைமணி நேரம் மரம் அறுத்த ஒரு நோயாளி ஏறக்குறையக் குணமானதைக் குறித்து வைத்திருக்கிறார்.

ஆனால் அந்த இறுக்கம் தமனி சுருங்கியிருப்பதன் அறிகுறி. சோதனை இல்லாமல் அதை நடந்து பழக்குவது சரியல்ல. இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். புதிதாக வந்திருந்தால், அடிக்கடி வரத் தொடங்கியிருந்தால், உட்கார்ந்திருக்கும்போதே வந்தால், இந்த வாரம் என்பதும் தாமதம். உடனே போக வேண்டும்.

21. இருபது வருடமாக நடக்கிறேன். நெஞ்சு வலித்தால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்தானே? என் இதயம் தாங்கும்.

எட்டாம் பதிலுக்குத் திரும்பிப் போங்கள். நாற்பது நிமிட அடைப்பில் அவ்வளவு தசையைக் காப்பாற்றிய அதே முன்பழக்கம், மூன்று மணி நேர அடைப்பில் ஒன்றையும் காப்பாற்றவில்லை. பயிற்சி உங்களுக்கு வாங்கித்தருவது கொஞ்சம் நேரம். அந்த நேரம் ஆம்புலன்ஸை அழைப்பதற்கு. நெஞ்சில் பாரம், தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பும் குமட்டலும் களைப்பும் மட்டுமாகவும் வரலாம்.

எங்களிடம் வரும் ஒருவர், பெயர் வேண்டாம், இருபத்திரண்டு ஆண்டு ஒருநாள் தவறாமல் நடந்தவர். காலையில் வலி வந்தது. வாயுத் தொல்லை என்று நினைத்தார். குளித்தார். பிறகு, இதயம்தானா என்று பார்க்க, வழக்கமான பாதையில் ஒரு சுற்று நடந்தும் பார்த்தார்! மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. பிழைத்துவிட்டார். வாரத்தில் மூன்று நாள் வருகிறார், மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறார். ஒவ்வொரு முறையும் வேகத்தைக் கூட்டும் பொத்தானை நான் பார்க்காதபோது தொடுவார். நான் குறைப்பேன்.